எண்ணெய் எங்கே போகிறது?

பழைய நீராவி எந்திரங்களில் எண்ணெய் குறைவதை யாரும் பழுதாகக் கருதவில்லை. கிண்ணத்திலிருந்து சொட்டுச் சொட்டாகத் தாங்கிகளுக்கு இறங்கிய எண்ணெய் அப்படியே தரையில் வழிந்தது. ஆள் ஒருவர் கேனுடன் சுற்றிவந்து நிரப்பினார். 1872இல் அமெரிக்காவில் எலைஜா மெக்காய் காப்புரிமை பெற்ற தானியங்கி மசகுக் கருவி அந்த ஆளின் வேலையைத்தான் குறைத்தது. போன எண்ணெயை மீட்கவில்லை.

1890இல் பர்மிங்காமின் பெல்லிஸ் நிறுவனத்தைச் சேர்ந்த ஆல்பர்ட் பெயின் காப்புரிமை பெற்ற அழுத்த மசகு முறை நிலைமையை மாற்றியது. மூடிய கிராங்க் பெட்டிக்குள் ஒரே எண்ணெய் பம்பு வழியாகத் திரும்பத் திரும்பச் சுழன்றது. அளவு குறைந்தால் காரணம் தேட வேண்டியதாயிற்று.

டீசல் எஞ்சின்கள் வந்தபின் தேடல் சிக்கலானது. வெளிக்கசிவைக் கண்டுபிடிப்பது எளிது: கழுவித் துடைத்து ஓட்டினால் ஈரமே காட்டிக்கொடுக்கும். தேய்ந்த பிஸ்டன் வளையம் வழியே ஏறி எரிந்தால் புகை நீலமாகும். எஞ்சினைக் குளிர்விக்கும் நீரில் கலந்தால் படலம் மிதக்கும். பழைய எஞ்சினில் இவை சேர்ந்தே நிகழ்வதுதான் தொல்லை.

1940களில் அமெரிக்காவின் டென்வர் அண்டு ரியோ கிராண்ட் வெஸ்டர்ன் ரயில்வே, எஞ்சினில் ஓடிய எண்ணெயை நிறமாலைமானியில் சோதிக்கத் தொடங்கியது. தேய்மானத்தால் எண்ணெயில் கலந்த உலோகங்களில் செம்பும் ஈயமும் கூடினால் தாங்கியின் மீதும், இரும்பு கூடினால் சிலிண்டர், வளையங்கள் மீதும் சந்தேகம் விழும். எஞ்சினைப் பிரிக்க வேண்டியதில்லை. ஆனால் எண்ணெய் மிகுதியாகக் குறையும் எஞ்சினில் அடிக்கடி புது எண்ணெய் ஊற்றுவதால் உலோக அளவு நீர்த்துப்போய் ஏமாற்றும். ஊற்றிய கணக்கையும் சேர்த்துப் படித்தால்தான் சோதனை முடிவு பயன்படும்.