துண்டு

என் தாத்தா 'துண்டு' என்று சொன்னால் அது தோளில் போடுகிற துண்டு அல்ல. ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்குப் போக வேண்டுமானால் துரை எழுதித் தர வேண்டிய சீட்டு. இந்தக் கங்காணியின் ஆட்கள் இத்தனை பேர், கடன் இவ்வளவு ரூபாய், கட்டினால் விட்டுவிடுகிறோம் என்று அதில் இருக்கும். சீட்டில்லாமல் இறங்கி நடந்தவனைப் பிடித்துவர 1865-ஆம் ஆண்டின் 11-ஆம் இலக்கச் சட்டம் இருந்தது. வேலையை விட்டு ஓடினால் மறியல். 1921-இல் துண்டு ஒழிந்தது. தாத்தா அதை நம்பவேயில்லை. பதுளைச் சந்தைக்குப் போகும்போதும் மடியில் ஏதாவது ஒரு கடுதாசியைச் செருகிக்கொண்டுதான் போவார், மருந்துச் சீட்டாவது.

நமுனுகுல மலைக்குக் கீழே தோட்டப் பாடசாலையில் முப்பத்தொரு வருடம் படித்துக்கொடுத்தவன் நான். சிங்களம் எழுதத் தெரியும் என்பதால் லயத்துச் சனங்களுக்கு மனு எழுதுவதும் என் தலையில் விழுந்தது. பிறப்புப் பதிவு, சேமலாப நிதி என்று எழுதிக்கொண்டிருந்த கைக்கு எண்பதுகளில் புதிய வேலை வந்தது, பிடிபட்டவர்களுக்கு எழுதுவது.

அவர்களைப் பிடித்த பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் முழுப் பெயரில் 'தற்காலிக ஏற்பாடுகள்' என்று இருக்கிறது. 1979 ஜூலையில் யாழ்ப்பாணத்தில் அவசரகால நிலையைப் பிறப்பித்து, பிரிகேடியர் வீரதுங்கவை அங்கே அனுப்பிய ஜே.ஆர். ஜயவர்தன அரசாங்கம் அதை 48-ஆம் இலக்கச் சட்டமாக நிறைவேற்றியது. ஆயுள் மூன்று வருடம் என்றார்கள். 1982-இல் நிரந்தரமாக்கிவிட்டார்கள். பெயரை மாற்ற மட்டும் யாருக்கும் தோன்றவில்லை. சட்டம் வந்தபோது எங்கள் தலைவர் தொண்டமான் ஐயா அதே அமைச்சரவையில் இருந்தார். அவரை மட்டும் குறை சொல்ல எனக்கு வாய் வராது. அது வடக்கின் விஷயம் என்றுதான் பிரட்டுக்களத்தில் நாங்களும் பேசிக்கொண்டோம்.

அந்த நினைப்பு நான்கு வருடம் நின்றது. 1977 கலவரத்தில் அடிபட்டு மலையிறங்கிய குடும்பங்களை வவுனியாப் பக்கம் குடியமர்த்தியது காந்தியம் இயக்கம். அதன் டாக்டர் இராஜசுந்தரமும் எஸ்.ஏ. டேவிட்டும் 1983 ஏப்ரலில் இந்தச் சட்டத்தின் கீழ் பிடிபட்டார்கள். ஜூலை 25-ஆம், 27-ஆம் திகதிகளில் வெலிக்கடைச் சிறைக்குள் 53 தமிழ்க் கைதிகள் கொல்லப்பட்டார்கள். இராஜசுந்தரமும் அதில் ஒருவர். பதுளை நகரத்தில் எங்கள் கடைகள் எரிந்ததும் அந்த 27-ஆம் திகதிதான்.

மனு எழுதி எழுதித்தான் நான் சட்டம் படித்தேன். 9-ஆம் பிரிவு: அமைச்சருக்குச் சந்தேகம் வந்தால் போதும், மூன்று மாதத்துக்குத் தடுத்துவைக்கலாம், மூன்று மூன்று மாதமாகப் பதினெட்டு மாதம்வரை நீட்டலாம் என்று அப்போது இருந்தது. 10-ஆம் பிரிவு: அந்தக் கட்டளையை எந்த நீதிமன்றத்திலும் கேள்வி கேட்க முடியாது என்று அப்போது இருந்தது. 16-ஆம் பிரிவுதான் எங்கள் பிள்ளைகளைத் தின்றது. சாதாரணக் குற்றத்தில் பொலிஸாரிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் வழக்குக்கு உதவாது. கொலைகாரனுக்கும் அந்தப் பாதுகாப்பு உண்டு. இந்தச் சட்டத்திலோ உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் தரத்துக்குக் குறையாத ஒருவரிடம் கொடுத்த வாக்குமூலம் சாட்சி. வற்புறுத்தி வாங்கினார்கள் என்றால், அதைக் கைதிதான் நிரூபிக்க வேண்டும். வாக்குமூலம் எழுதப்படுவது சிங்களத்தில். கையெழுத்துப் போடுகிற பையன் தமிழில் எட்டாம் வகுப்பு. தான் எதற்குக் கையெழுத்து வைத்தான் என்பது அவனுக்கு வழக்கறிஞர் வாசித்துச் சொல்லும்போதுதான் தெரியும்.

1989-இல் பக்கத்துச் சிங்களக் கிராமத்திலிருந்து ஓர் அம்மா வந்தார். அவருடைய மகனை ஜே.வி.பி. கிளர்ச்சிக்காரன் என்று கூட்டிப்போயிருந்தார்கள். அவருக்குச் சிங்களம் தெரியும், எழுதத்தான் ஆளில்லை. தங்கள் ஊரில் எழுதத் தெரிந்தவர்கள் எல்லாரும் பயந்துவிட்டார்கள் என்றார். எழுதிக் கொடுத்தேன். மகன் வரவில்லை.

எங்களவர்கள் சிக்கிய வழி வேறு. தோட்டத்தில் வேலை போதவில்லை என்று பையன்கள் கொழும்புக் கடைகளுக்குப் போனார்கள். பலரிடம் அடையாள அட்டை இல்லை. அட்டைக்குப் பிறப்புச் சான்றிதழ் வேண்டும். சான்றிதழில் பெயர் ஒரு மாதிரி, தோட்டத்து செக்ரோல் பதிவேட்டில் வேறு மாதிரி. கிராம சேவகரின் கையெழுத்து வேண்டும், துரையின் கடிதம் வேண்டும். 1996 ஜனவரி 31-இல் கொழும்பில் மத்திய வங்கிக் குண்டு வெடித்த பிறகு, அட்டையில்லாத தமிழ்ப் பையன் என்றாலே சந்தேக நபர். பசறைப் பக்கத்துக் கொழுந்துக்காரி ஒருத்தியின் மகன் சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தவன். பொலிஸார் கடைக்குள் வந்து கேட்டபோது அவனிடம் காட்ட எதுவும் இல்லை.

அவளுக்காக ஏழு மனு எழுதினேன். அமைச்சருக்கு, சட்டமா அதிபருக்கு, செஞ்சிலுவைச் சங்கத்துக்கு. ஒவ்வொன்றுக்கும் அரைநாள் கூலியை விட்டுவிட்டு வருவாள். பதினாறாவது மாதம் பையன் வந்து சேர்ந்தான், கையில் ஒற்றைச் சிங்களக் கடுதாசியுடன்.

"சார், இவன் என்ன செஞ்சான்னு இதுல போட்டிருக்கா?"

"இல்லம்மா."

"செய்யலன்னாவது போட்டிருக்கா?"

அதுவும் இல்லை. இன்ன திகதியில் விடுவிக்கப்பட்டார் என்று மட்டும் இருந்தது.

2000 அக்டோபர் 25 காலை பண்டாரவளைக்குப் பக்கத்தில் பிந்துனுவெவ முகாம். வழக்கு எதுவும் இல்லாமல் 'புனர்வாழ்வு' என்று வைக்கப்பட்டிருந்த தமிழ் இளைஞர்கள் 41 பேர், சிலர் பதினெட்டு வயதாகாதவர்கள். முந்தைய இரவு உள்ளே ஏதோ தகராறு. விடுதலை தள்ளிப்போகிறதே என்ற ஆத்திரம். விடிந்ததும் வாளும் தடியுமாகப் பெருங்கூட்டம் முகாமுக்குள் புகுந்தது. 27 பேருக்குக் குறையாமல் செத்தார்கள். பொலிஸார் அறுபது பேரளவில் அங்கேயே நின்றார்கள். குலதிலக ஆணைக்குழு விசாரித்தது; 2003-இல் மேல் நீதிமன்றம் ஐந்து பேருக்கு மரண தண்டனை விதித்தது; 2005-க்குள் உயர் நீதிமன்றத்தில் ஐவரும் விடுதலை. பத்திரிகைக்காரர்கள் அந்தக் கூட்டத்தைப் பற்றித்தான் எழுதினார்கள். குற்றம் சாட்டாமலே ஒரு பிள்ளையை அந்த இடத்தில் கொண்டுவந்து வைக்கக் கூடிய சட்டத்தைப் பற்றி அப்போது யாரும் அதிகம் பேசவில்லை. இன்றும் அந்தச் சட்டம் இருக்கிறது. 2019 உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல்களுக்குப் பிறகு முஸ்லிம் வீடுகளுக்குள் போனது. 2022-இல் பதினெட்டு மாதத்தைப் பன்னிரண்டாகக் குறைத்தார்கள்.

பிந்துனுவெவக் கொலைகள் நடந்த அந்த வாரம் தலவாக்கலையில் கண்டன ஊர்வலம் கலவரமாக, மலையக நகரங்களில் ஊரடங்கு. ஊரடங்கு தளர்ந்த மறுநாள் பசறையிலிருந்து அவள் வந்தாள். அந்தக் கடுதாசியை டவுனில் கொடுத்து பிளாஸ்டிக் போட்டு ஒட்டி வைத்திருந்தாள். மகன் நான்கு நாளாக லயத்தை விட்டு வெளியே வரவில்லையாம்.

"இது இன்னும் செல்லுமா சார்? பார்த்துச் சொல்லுங்க."

வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். முத்திரை பாதி அழிந்திருந்தது.

"செல்லும்மா," என்றேன். சுருக்குப் பைக்குள் அது அடங்கவில்லை. ரவிக்கைக்குள் செருகிக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தாள்.