பழனிமலையைச் சுற்றி: பொன்னம்மாள் முதல் பஞ்சாயத்துத் தலைவி வரை

திண்டுக்கல்லில் கொடைக்கானல் பஸ் ஏறினால் செம்பட்டி, வத்தலகுண்டு, காட்ரோடு வழியாக மேலே போக மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஜன்னலோரம் கிடைத்தால் மலையைப் பார்க்கலாம். எனக்கு அன்று நடு சீட்டுதான் கிடைத்தது. சும்மா உட்கார்ந்திருந்த நேரத்தில், பஸ் எந்தெந்த சட்டமன்றத் தொகுதி வழியாகப் போகிறது என்று மனசுக்குள் கணக்குப் போட்டேன். திண்டுக்கல், ஆத்தூர், நிலக்கோட்டை, அப்புறம் மேலே ஏறியதும் பழனித் தொகுதி. கொடைக்கானல் ஊர் பழனித் தொகுதியில்தான் இருக்கிறது.

இந்த நாலு தொகுதியிலும் ஏதோ ஒரு காலத்தில் ஒரு பெண் எம்.எல்.ஏ. இருந்திருக்கிறார். ஆத்தூரில் 1952-ல் சௌந்தரம். நிலக்கோட்டையில் 1957-லும் பிறகு பலமுறையும் ஏ.எஸ். பொன்னம்மாள். பழனியில் 1984-ல் அதே பொன்னம்மாள். திண்டுக்கல்லில் 2001, 2006, 2011 என்று தொடர்ந்து மூன்று முறை கே. பாலபாரதி. தமிழ்நாட்டில் இப்படி அடுத்தடுத்து தொகுதிகள் அமைவது அபூர்வம். ஆனால் இதை வைத்து "நம்ம பக்கம் பெண்களுக்கு நல்ல இடம் இருந்திருக்கு" என்று சொல்லிவிட முடியுமா? அங்கேதான் எனக்கு இடிக்கிறது.

முதலில் கொஞ்சம் பின்னால் போய்விட்டு வருவோம். பிரிட்டிஷ் இந்திய மாகாணங்களில் பெண்களுக்கு முதலில் ஓட்டுரிமை கொடுத்தது சென்னை மாகாணம், 1921-ல். நமக்குப் பெருமைதான். ஆனால் ஆண்களுக்கு இருந்த அதே சொத்துத் தகுதி பெண்களுக்கும் இருந்தது. சொத்து யார் பெயரில் இருந்தது என்று உங்களுக்கே தெரியும். மலையில் காபித் தோட்டத்தில் கூலி வேலை செய்த பெண்ணுக்கும், அடிவாரத்தில் நாற்று நட்ட பெண்ணுக்கும் அந்த 1921 ஒன்றுமே செய்யவில்லை. அவர்கள் கையில் முதல் ஓட்டுச்சீட்டு வந்தது 1952 பொதுத் தேர்தலில்தான். முத்துலட்சுமி ரெட்டி சென்னை சட்ட மேலவைக்குப் போனதை எல்லாப் பள்ளிக்கூடப் புத்தகமும் சொல்கிறது, அதனால் இங்கே விட்டுவிடுகிறேன்.

சௌந்தரத்தின் கதை ஓரளவு தெரிந்த கதை. டி.வி.எஸ். நிறுவனத்தைத் தொடங்கிய டி.வி. சுந்தரம் ஐயங்காரின் மகள். இளம் வயதில் கல்யாணம், இளம் வயதிலேயே கணவரை இழந்தார். பிறகு டெல்லி போய் மருத்துவம் படித்தார். 1940-ல் காந்தியின் ஆசியோடு ஜி. ராமச்சந்திரனை மறுமணம் செய்துகொண்டார். 1947-ல் இருவரும் சின்னாளபட்டி பக்கத்தில் காந்திகிராமத்தைத் தொடங்கினார்கள். அந்த அம்மா 1952-ல் ஆத்தூர், 1957-ல் வேடசந்தூர், 1962-ல் திண்டுக்கல் மக்களவைத் தொகுதி என்று ஒவ்வொரு தேர்தலிலும் ஒரு படி மேலே போனார். மத்தியில் கல்வித் துறை துணை அமைச்சராகவும் இருந்தார். 1967-ல் திமுக அலையில் தோற்றார். ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், பல்கலைக்கழகம் என்று அவர் விட்டுப்போனவை இன்னும் கண்ணுக்குத் தெரிகின்றன. தபால்தலைகூட வந்துவிட்டது.

பொன்னம்மாளுக்கு அப்படி எதுவும் இல்லை. நான் இந்தக் குறிப்பை எழுத உட்கார்ந்ததே அவருக்காகத்தான்.

1957 தேர்தலில் நிலக்கோட்டை இரட்டை உறுப்பினர் தொகுதி. இது இப்போது பலருக்கும் புதுசாக இருக்கும். சில பெரிய தொகுதிகளில் இரண்டு இடம் இருக்கும், அதில் ஒன்று தாழ்த்தப்பட்டோருக்கு ஒதுக்கியது. ஓட்டுப் போடுகிறவருக்கும் இரண்டு ஓட்டு. 1961-ல் சட்டம் போட்டு இந்த முறையை எடுத்துவிட்டார்கள். அப்படி இரண்டு இடம் இருந்த நிலக்கோட்டையில் ஒரு இடத்தில் ஜெயித்து வந்தவர் பொன்னம்மாள். 1962-ல் சோழவந்தான் போய் அங்கே ஜெயித்தார். 1980-ல் மறுபடியும் நிலக்கோட்டை, இந்தத் தடவை சுயேச்சையாக. 1984-ல் காங்கிரஸ் வேட்பாளராகப் பழனி. 1989, 1991 இரண்டு முறையும் காங்கிரசில் நிலக்கோட்டை. 1996-ல் மூப்பனார் தனிக்கட்சி கண்டபோது தமாகாவில் நின்று அதே நிலக்கோட்டை. மொத்தம் ஏழு முறை.

ஒரு பட்டியல் சமூகப் பெண், 1957-ல் ஒரு முறை, 39 வருஷம் கழித்து 1996-லும் ஒரு முறை ஜெயிக்கிறார் என்றால் அதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியாது. நடுவில் தேர்தல் அரசியலே தலைகீழாக மாறிவிட்டது. காங்கிரஸ் போய் திமுக வந்தது, எம்.ஜி.ஆர். வந்தார், போனார், அம்மா வந்தார். கட்சி மாறியது, சின்னம் மாறியது, தொகுதிகூட மாறியது. ஆள் மட்டும் அவர்தான். அதிலும் 1980-ல் சுயேச்சையாக ஜெயித்ததுதான் எனக்குப் பெரிசாகத் தெரிகிறது. கட்சிச் சின்னம் இல்லாமல் ஒரு பெண் ஜெயிக்க வேண்டும் என்றால் ஊர் ஊராக அவர் முகம் தெரிந்திருக்க வேண்டும், இல்லையா?

அமைச்சர் ஆகாததற்குக் காரணம் தேடி அலைய வேண்டியதில்லை. 1967-க்குப் பிறகு காங்கிரஸ் இங்கே ஆட்சிக்கே வரவில்லை. அவர் 2015-ல் காலமானார். வத்தலகுண்டு பஸ் ஸ்டாண்டில் ஒரு டீக்கடையில் வயசான ஒருத்தரிடம் கேட்டேன். "பொன்னம்மாவா? நம்ம எம்.எல்.ஏ.ம்மா!" என்று உடனே சொன்னார். பக்கத்தில் நின்ற இளைஞருக்கு அந்தப் பெயரே தெரியவில்லை. சௌந்தரத்துக்கு நிறுவனங்கள் ஞாபகத்தைக் காப்பாற்றிக் கொடுக்கின்றன. பொன்னம்மாள் ஞாபகம் ஆட்களோடு போய்க்கொண்டிருக்கிறது.

இப்போது அந்த இடிக்கிற விஷயத்துக்கு வருகிறேன். நிலக்கோட்டை தனித் தொகுதி. 2006, 2019 இடைத்தேர்தல், 2021 என்று பிறகு அங்கே ஜெயித்த எஸ். தேன்மொழியும் பெண்தான். பொன்னம்மாள் ஜெயித்தபோது பழனியும் தனித் தொகுதிதான். 2021-ல் திண்டுக்கல் மாவட்டத்தின் ஏழு தொகுதிகளில் ஒரே ஒரு பெண் ஜெயித்தார், அதுவும் அதே நிலக்கோட்டையில். என் அபிப்பிராயம் இது: கட்சிகள் பெண்ணுக்குச் சீட்டு கொடுக்கிறபோது, யாருடைய சீட்டை எடுத்துக் கொடுக்கிறோம் என்று பார்க்கின்றன. பொதுத் தொகுதியில் பணமும் சாதிபலமும் உள்ள ஆண்கள் வரிசையில் நிற்பார்கள். அவர்களில் ஒருவரை நகர்த்துவது கஷ்டம். தனித் தொகுதியில் அந்தப் பெரிய கைகளுக்கு நேரடிப் பங்கு இல்லை, அதனால் அங்கே பெண்ணை நிறுத்துவது சுலபம். ஆக, பெண்ணுக்கான இடத்தையும் பட்டியல் சமூகத்தின் பங்கிலிருந்தே எடுத்துக் கொடுக்கிறார்கள். பாலபாரதி பொதுத் தொகுதியில் மூன்று முறை வந்தது இதற்கு விதிவிலக்கு. அது கூட்டணியில் மார்க்சிஸ்ட் கட்சிக்கு என்று விட்ட இடம், அந்தக் கட்சி அவரை நிறுத்தியது. 2021-ல் மொத்த சட்டமன்றத்தில் 234 பேரில் 12 பேர்தான் பெண்கள்.

மலைக்குத் தெற்கே இறங்கினால் வேறு கதை. 1989-ல் எம்.ஜி.ஆரின் வாரிசு யார் என்ற சண்டை வைகைப் பள்ளத்தாக்குக்கு வந்தது. ஜெயலலிதா சேவல் சின்னத்தில் போடியில் நின்றார். ஜானகி அம்மாள் இரட்டைப் புறாவில் ஆண்டிபட்டியில் நின்றார், அது எம்.ஜி.ஆர். கடைசியாக ஜெயித்த தொகுதி. 1988-ல் 24 நாள் முதல்வராக இருந்தவர் தோற்றுப்போனார். போடியில் ஜெயித்தவர் தமிழ்நாட்டின் முதல் பெண் எதிர்க்கட்சித் தலைவர் ஆனார், 1991-ல் முதல்வர்.

அந்த முதல்வரின் பெயர் கொடைக்கானலோடு ஒட்டிக்கொண்டது ஒரு ஓட்டல் வழக்கால். விதிப்படி அனுமதித்ததை மீறி எழும்பிய ப்ளசண்ட் ஸ்டே ஓட்டலை எதிர்த்து பழனிமலைப் பாதுகாப்புக் குழு கோர்ட்டுக்குப் போனது. அரசு கொடுத்த விதிவிலக்கு பின்னால் ஊழல் வழக்கானது. 2000 பிப்ரவரி 2-ம் தேதி ஜெயலலிதாவுக்கு ஒரு வருஷத் தண்டனை. 2001 டிசம்பரில் உயர் நீதிமன்றம் விடுதலை செய்தது. தண்டனை வந்த அன்று தர்மபுரியில் கோவை வேளாண் பல்கலைக்கழக பஸ்ஸைக் கட்சிக்காரர்கள் கொளுத்தினார்கள். மூன்று மாணவிகள் எரிந்து செத்தார்கள். பெண்களின் அரசியல் வரலாறு என்று எழுதும்போது இந்த மூன்று பேரை விட்டுவிட எனக்கு மனசு வரவில்லை.

சரி, மலை மேலேயே இருக்கிற பெண்கள்? கொடைக்கானலில் 1984-லேயே பெண்களுக்கென்று அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகம் வந்துவிட்டது, பழனியில் பொன்னம்மாள் ஜெயித்த அதே வருஷம். ஆனால் பூம்பாறை, மன்னவனூர், தாண்டிக்குடி, வில்பட்டி மாதிரி ஊர்களில் பெண்ணுக்குக் கதவு திறந்தது 1996 அக்டோபர் உள்ளாட்சித் தேர்தலில். அதற்கு முன்பு பெண்ணைப் பஞ்சாயத்தில் 'சேர்த்துக்கொள்ளலாம்' என்ற மட்டில்தான் யோசனை இருந்தது. 1957-ல் பல்வந்த்ராய் மேத்தா குழு சொன்னதே இரண்டு பெண்களை நியமித்துக்கொள்ளுங்கள் என்றுதான். 73-வது திருத்தமும் 1994 தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டமும் அதை மூன்றில் ஒரு பங்கு தேர்தல் இடமாக மாற்றின. 2016-ல் அது பாதியானது. ஒதுக்கீடு இங்கே இரண்டு பதவிக்காலம், அதாவது பத்து வருஷம் ஒரே ஊரில் நிற்கும். இது நல்ல ஏற்பாடு. ஒரு பெண் முதல் அஞ்சு வருஷத்தில் கற்றுக்கொண்டு இரண்டாவது தடவை அதை வைத்து நிற்க முடியும்.

மேல்மலையில் ஒரு ஊரில் (பெயர் வேண்டாம்) தலைவரைப் பார்க்கணும் என்று கேட்டேன். "தலைவரா? அண்ணன் காலையிலேயே கீழ போயிட்டாரே" என்றார்கள். அலுவலகப் பலகையில் இருந்த பெயர் ஒரு பெண்ணுடையது! "அண்ணன்" அவர் கணவர். இந்தக் கதை எல்லோருக்கும் தெரியும், இதோடு சிரித்துவிட்டுப் போய்விடுவோம். நான் அந்த அம்மா வீட்டுக்குப் போனேன். கேரட் மூட்டைகளைத் தைத்துக்கொண்டிருந்தார்.

"மொத வருஷம் அவருதான் எல்லாம் பாத்தாரு. எனக்கு ஒண்ணும் தெரியாது தம்பி. அப்புறம் செக்குல கையெழுத்து நானும் துணைத்தலைவரும் போடணும்னாங்க. துணைத்தலைவரு போடமாட்டேன்னுட்டாரு. தண்ணித்தொட்டி வேலை நின்னுபோச்சு. அதுக்கு நாந்தான் யூனியன் ஆபீசுக்கு நடந்தேன். வீட்டுக்காரர் போனா, நீங்க யாருன்னு கேக்குறாங்க."

இந்த ரெட்டைக் கையெழுத்து வெளியே அதிகம் பேசப்படாத விஷயம். ஊராட்சிக் காசோலையில் தலைவரும் துணைத்தலைவரும் சேர்ந்து கையெழுத்திட வேண்டும். தலைவர் பதவிக்கு ஒதுக்கீடு உண்டு, துணைத்தலைவர் பதவிக்குக் கிடையாது. வார்டு உறுப்பினர்கள் தேர்ந்தெடுப்பதுதான். ஒதுக்கீட்டில் தலைவர் நாற்காலியை இழந்தவர்கள் துணைத்தலைவர் நாற்காலியில் வந்து உட்கார்ந்துகொண்டு பேனாவை மூடி வைத்தால் போதும்.

இன்னொன்றும் யோசித்துப் பார்க்கிறேன். 1996-ல் மலையடிவாரத்துப் பெரியகுளத்தில் நகர்மன்றத் தலைவரானவர் ஓ. பன்னீர்செல்வம். 2001-ல் எம்.எல்.ஏ., அதே வருஷம் செப்டம்பரில் முதலமைச்சர். உள்ளாட்சியிலிருந்து கோட்டைக்கு ஏணி இருக்கிறது என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டாம். அதே 1996-ல் இதே மலையைச் சுற்றி ஜெயித்து வந்த பெண்களில் எத்தனை பேரை எந்தக் கட்சி அந்த ஏணியில் ஏற்றியது? ஒதுக்கீடு முடிந்து தொகுதி 'பொது' ஆனதும் அவர்களைத் திரும்பக் கேரட் மூட்டைக்கு அனுப்பிவிட்டார்கள். 2023-ல் 106-வது திருத்தம் சட்டமன்றத்திலும் மக்களவையிலும் மூன்றில் ஒரு பங்கு என்று சொல்லியிருக்கிறது, ஆனால் மக்கள்தொகைக் கணக்கெடுப்பும் தொகுதி மறுவரையறையும் முடிந்த பிறகு.

உள்ளாட்சி இடங்களுக்கும் ஒரு பூட்டு உண்டு. தேர்தல் நடந்தால்தான் ஒதுக்கீடு. 2016 அக்டோபரில் நடக்க வேண்டிய ஊரகத் தேர்தல் 2019 டிசம்பரில்தான் நடந்தது. பாதி இடம் பெண்களுக்கு என்று சட்டம் வந்த கையோடு மூணு வருஷம் யாருக்குமே இடம் இல்லை. அப்படி வந்தவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ம் தேதி முடிந்தது. மறுபடியும் தனி அலுவலர்கள் வந்தார்கள்.

அந்த அம்மாவிடம் அதைக் கேட்டேன். தைத்த மூட்டையை ஓரமாகத் தள்ளிவிட்டுச் சொன்னார்: "இப்பவும் கொழாயில தண்ணி வரலன்னா என்னைத்தான் வந்து கேக்குறாங்க. நான் இப்ப தலைவர் இல்லம்மான்னா, அப்ப யாருங்கிறாங்க."

ஊராட்சி அலுவலகப் பலகையில் அவர் பெயரை இன்னும் அழிக்கவில்லை.