ஹார்லெம் நகரின் மேல் வானம்

டச்சு நிலக்காட்சி ஓவியத்தைக் கண்ணாடி என்று சொல்லிவிடுவது சுலபம். பதினேழாம் நூற்றாண்டு ஹாலந்து, புராணத்தையும் புனிதர்களையும் ஒதுக்கிவிட்டு, எதிரே கிடந்த வயலையும் வாய்க்காலையும் உள்ளபடி வரைந்தது என்பது கலை வரலாற்றில் நெடுநாள் புழங்கிய கருத்து. எனக்கு இதில் உடன்பாடில்லை.

யாகோப் வான் ராய்ஸ்டால் 1653இல் வரைந்த பெந்தைம் கோட்டையைப் பார்க்கலாம். கோட்டை நிற்பது தாழ்ந்த குன்றொன்றின் மேல். ஓவியத்தில் குன்று மலையாகிவிடுகிறது. கண்ணாடி இந்தக் காரியத்தைச் செய்யாது. வானமும் இப்படித்தான். வெளியே போய்க் கோட்டுச்சித்திரம் போட்டுக்கொண்டு வந்தார்கள். வண்ணம் தீட்டியது பட்டறைக்குள். நாம் காணும் மேகங்கள் அங்கே அடுக்கப்பட்டவை.

எதற்காக அடுக்கினார்கள்? 1670களின் முற்பாதியில் ராய்ஸ்டால் வரைந்த ஹார்லெம் காட்சி ஒன்று ஹேக் நகரத்து மௌரிட்ஸ்ஹௌஸில் இருக்கிறது. நான் பார்த்தது அச்சுப் பிரதியை. ஆகவே நிறத்தை விட்டுவிட்டு அமைப்பைப் பற்றி மட்டும் பேசுகிறேன். ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு வானம். கீழே, மணல்மேட்டிலிருந்து பார்க்கக் கிடைக்கும் சமவெளி. தொடுவானில் புனித பாவோ தேவாலயம். மேகநிழல் நிலத்தை இருளும் ஒளியுமாகப் பட்டை பட்டையாக வெட்டுகிறது. வெளிச்சம் நன்றாக விழுகிற இடம், முன்புறத்துப் புல்வெளியில் விரித்திருக்கும் லினன் துணிகள்.

ஹார்லெம் துணி வெளுப்பதற்குப் பேர்போன ஊர். காரநீரில் ஊறவைத்து, மோரில் தோய்த்து, மாதக்கணக்கில் வெயிலில் போட்டார்கள். அங்கே வெயில் ஒரு தொழிற்கருவி. மேகம் மூடினால் வேலை தாமதப்படும். இந்த ஒளியைத் தெய்வ அருளாக வாசிப்பவர்கள் உண்டு. வாசிக்கட்டும். அருள் இறங்கும் இடம் சலவைக்களம் என்பதையும் சேர்த்து வாசிக்க வேண்டும்.

இவருக்கு முந்தைய தலைமுறைக்காரரான யான் வான் ஹோயனின் மூட்டமான வானங்களுக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. பழுப்பும் சாம்பலுமாக ஓரிரு நிறங்கள். அடிப்பலகை தெரியும்படி மெல்லிய பூச்சு. வேகமாக முடியும், மலிவாக விற்கலாம். டூலிப் கிழங்குச் சூதாட்டத்தில் நஷ்டப்பட்டு 1656இல் கடனோடு இறந்த மனிதர் அவர். அதனால் அந்த ஈரக்காற்று பொய்யாகிவிடவில்லை. ஆற்றங்கரையில் மழைக்கு முந்தைய அரைமணி நேரத்தை அவர் அளவுக்குப் பிடித்தவர்கள் குறைவு.

இயற்கையை நகலெடுத்தார்கள் என்று புகழ்வது இவர்களைக் குறைத்து மதிப்பதாகும். எந்தத் துண்டு நிலத்தில் வெயில் விழ வேண்டும் என்று இவர்கள் தீர்மானித்தார்கள். யதார்த்தம் என்று நான் புரிந்துகொள்வது இந்தத் தீர்மானத்தைத்தான்.