செய்தியில் பிழை வந்தால்...? - ஒரு சிறு வரலாறு

1690-ம் ஆண்டு செப்டம்பர் 25-ம் தேதி. அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் பெஞ்சமின் ஹாரிஸ் என்பவர் ஒரு செய்தித்தாளை வெளியிட்டார். பெயர் 'பப்ளிக் அக்கரன்சஸ்'. மூன்று பக்கங்களில் செய்தி. நான்காவது பக்கம் வெற்றுத்தாள். வாசகர்கள் தங்களுக்குத் தெரிந்த செய்தியை அதில் எழுதி அடுத்தவருக்குக் கொடுக்கலாம் என்பது ஏற்பாடு! முதல் பக்கத்தில் ஒரு வாக்குறுதியும் இருந்தது. வெளியிட்ட செய்தியில் முக்கியமான பிழை ஏதாவது தெரியவந்தால், அடுத்த இதழில் அது திருத்தப்படும்.

ஆனால் அந்த அடுத்த இதழ் வரவே இல்லை. அனுமதி இல்லாமல் அச்சிட்டதாகச் சொல்லி நான்கே நாட்களில் அரசு அதைத் தடை செய்துவிட்டது.

ஆக, 'பிழை வந்தால் திருத்துவோம்' என்கிற பேச்சு செய்தித்தாள் அளவுக்கே பழையது. அந்தப் பேச்சு எப்போதெல்லாம் காப்பாற்றப்பட்டது, எப்போதெல்லாம் கைவிடப்பட்டது என்பதுதான் சுவாரசியமான கதை.

கப்பல் பூனை

1913-ல் நியூயார்க்கின் 'வேர்ல்ட்' பத்திரிகையில், செய்திகளின் துல்லியத்தைக் கவனிக்கவும் வாசகர் புகார்களை விசாரிக்கவும் தனிப் பிரிவு ஒன்றைத் தொடங்கினார் ரால்ஃப் புலிட்சர். அதன் பொறுப்பாளர் ஐசக் வைட் ஒரு விநோதத்தைக் கவனித்தார். கப்பல் மூழ்கிய செய்திகளில் எல்லாம் தவறாமல் ஒரு பூனை உயிர்பிழைத்துக் கொண்டிருந்தது!

விசாரித்தபோது நிருபர் விஷயத்தைச் சொன்னார். ஒருமுறை மூழ்கிய கப்பலில் நிஜமாகவே ஒரு பூனை இருந்தது. மாலுமிகள் திரும்பிப் போய் அதைக் காப்பாற்றினார்கள். இவர் அதை எழுதினார். எழுதாத மற்ற பத்திரிகை நிருபர்களுக்கு அலுவலகத்தில் திட்டு விழுந்தது. அடுத்த கப்பலில் பூனையே இல்லை. ஆனால் திட்டுக்குப் பயந்து மற்றவர்கள் பூனையை எழுதிவிட்டார்கள். உண்மையை எழுதிய இவருக்கு இந்த முறை திட்டு! அதற்குப் பிறகு எல்லோருடைய கப்பலிலும் பூனை ஏறிக்கொண்டது.

இதைப் படித்தால் சிரிப்பு வரும். ஆனால் யோசித்துப் பாருங்கள். இங்கே யாருக்கும் யாரையும் ஏமாற்றும் ஆசை இல்லை. 'அவன் போட்டுவிட்டான், நாம் போடவில்லையே' என்கிற பயம்தான் காரணம். இந்தப் பூனையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

திருத்தத்துக்கு ஓர் இடம்

பிழையைத் தடுப்பது ஒரு வேலை, வந்த பிழையைத் திருத்துவது இன்னொரு வேலை. 'நியூயார்க்கர்' வார இதழ் 1927-ல் எட்னா மில்லே என்ற கவிஞரைப் பற்றித் தவறுகள் மலிந்த கட்டுரை ஒன்றை வெளியிட்டு, அவருடைய தாயாரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டது. அச்சுக்குப் போகும் முன்பே ஒவ்வொரு தகவலையும் சரிபார்க்கும் தனித் துறை அங்கே அதன் பிறகு வளர்ந்தது.

திருத்தும் வேலையோ மெதுவாகத்தான் நடந்தது. ராக்கெட் விஞ்ஞானி ராபர்ட் கோடார்டை 1920 ஜனவரியில் 'நியூயார்க் டைம்ஸ்' தலையங்கம் கேலி செய்தது. காற்றில்லாத வெளியில் ராக்கெட் இயங்காது, பள்ளிக்கூடப் பையனுக்குத் தெரிந்தது இவருக்குத் தெரியவில்லையே என்ற தொனி. அதே பத்திரிகை தவறுக்கு வருத்தம் தெரிவித்தது 1969 ஜூலை 17 அன்று. அப்பல்லோ 11 நிலவை நோக்கிக் கிளம்பிய மறுநாள்! இடையில் 49 ஆண்டுகள். கோடார்ட் 1945-லேயே இறந்துவிட்டார்.

திருத்தங்களுக்கு என்று நிரந்தர இடமும், புகாரைக் கேட்க ஒரு தனி ஆளும் வந்தது பிறகுதான். அமெரிக்காவின் லூயிவில் நகரப் பத்திரிகை 1967-ல் வாசகர் குறைகளைக் கேட்க ஒருவரை நியமித்தது. லண்டன் 'கார்டியன்' 1997-ல் இயன் மேயஸை வாசகர் ஆசிரியர் ஆக்கியது. அந்த மாதிரியைப் பின்பற்றி 2006-ல் சென்னையின் 'தி இந்து' கே. நாராயணனை நியமித்தது. 

புகார் சொல்லாத குடும்பம்

திருத்தங்களுக்குத் தனி இடம் இருந்தால் மட்டும் போதுமா? போதாது என்று காட்டியது 2003. 'நியூயார்க் டைம்ஸ்' நிருபர் ஜேசன் பிளேர் பல செய்திகளை இருந்த இடத்திலிருந்தே இட்டுக்கட்டியது அம்பலமானது. அந்தப் பத்திரிகையே விசாரித்து மே மாதம் முதல் பக்கத்தில் விவரமாக வெளியிட்டது. சுமார் ஏழு மாதங்களில் அவர் எழுதிய 73 செய்திகளில் குறைந்தது 36-ல் கோளாறு.

அதில் ஒன்று, ஈராக் போரில் சிறைபிடிக்கப்பட்டு மீட்கப்பட்ட ராணுவப் பெண் ஒருவரின் வீட்டைப் பற்றியது. திண்ணையிலிருந்து புகையிலை வயல்களும் மேய்ச்சல் நிலமும் தெரிவதாக எழுதியிருந்தார். அப்படி எதுவும் அங்கே இல்லை. குடும்பத்தார் படித்துவிட்டுச் சிரித்தார்கள். ஆனால் பத்திரிகைக்குப் புகார் சொல்லவில்லை.

உண்மையில் இதுதான் கவலைப்பட வேண்டிய இடம். தவறு யாரைப் பற்றியதோ அவருக்குத்தான் அது முதலில் தெரியும். 'சொல்லி என்ன ஆகப்போகிறது' என்று அவர் விட்டுவிட்டால், எத்தனை ஆசிரியர்கள் இருந்தாலும் பிழை அப்படியே நிற்கும்.

இணையத்தில் வந்த பூனை

இணையம் வந்ததும் திருத்துவது சுலபமாகிவிட்டது. நாளைய இதழுக்குக் காத்திருக்க வேண்டாம், ஒரு நிமிடத்தில் மாற்றலாம். அதே வேகத்தில் தவறும் பரவும்.

2011 ஜனவரி 8. அரிசோனா மாநிலம் டூசான் நகரில் மக்களவை உறுப்பினர் கேப்ரியல் கிஃபர்ட்ஸ் தலையில் சுடப்பட்டார். அந்தத் தாக்குதலில் 6 பேர் இறந்தார்கள். கிஃபர்ட்ஸும் இறந்துவிட்டதாக அமெரிக்கப் பொது வானொலியான என்பிஆர் ஒலிபரப்பிலும் இணையத்திலும் அறிவித்தது. சிறிது நேரத்தில் பல பெரிய நிறுவனங்களும் அதையே சொல்லின. ஆனால் அவர் அறுவை சிகிச்சையில் உயிரோடு இருந்தார்!

என்பிஆர் சரிபார்க்காமல் இல்லை. இரண்டு இடங்களில் கேட்டிருந்தது: ஷெரிஃப் அலுவலகம் ஒன்று, இன்னொரு உறுப்பினரின் அலுவலகம் ஒன்று. இரண்டுமே காதில் விழுந்ததைச் சொன்னவை. மருத்துவமனையில் நேரடியாகத் தெரிந்தவர் யாரும் இல்லை. மற்ற நிறுவனங்கள் பின்னாலேயே ஓடின. அதே கப்பல், அதே பூனை.

அப்போது கிஃபர்ட்ஸின் கணவர் மார்க் கெல்லி விமானத்தில் டூசானுக்குப் போய்க்கொண்டிருந்தார். மனைவி இறந்துவிட்ட செய்தியை அங்கிருந்த தொலைக்காட்சியில் பார்த்தார். கூடவே அவருடைய மகள்களும் தாயாரும் இருந்தார்கள். தொலைபேசியில் பேசி உண்மை தெரியும்வரை அந்தக் குடும்பம் பட்ட பாட்டை எந்தத் திருத்தத்தால் ஈடுகட்ட முடியும்?

மறுநாள் என்பிஆர் தன் தளத்தில் மன்னிப்புக் கேட்டது. அங்கே பணியாற்றிய ஆண்டி கார்வின், தவறான செய்தியைச் சொன்ன தன் டிவிட்டர் வரியை அழிக்கவில்லை. நடந்தது நடந்ததாகப் பதிவில் இருக்கட்டும் என்பது அவர் கட்சி. அது தொடர்ந்து பரவுமே என்று எதிர்த்தவர்களும் உண்டு.

பேரேட்டுப் பாடம்

கணக்குப் பதிவியல் படித்தவர்களுக்கு இது பழகிய விஷயம். ஏட்டில் தவறான பதிவு இருந்தால் அதைச் சுரண்டி அழிக்கக் கூடாது. தனியாகத் திருத்தப் பதிவு எழுத வேண்டும். தவறும் தெரிய வேண்டும், திருத்தமும் தெரிய வேண்டும். அழித்து எழுதிய கணக்கைத் தணிக்கையாளர் நம்பமாட்டார்.

நல்ல செய்தித் தளங்களும் இதைத்தான் செய்கின்றன. புதிய தகவல் சேர்ந்தால் 'புதுப்பிக்கப்பட்டது' என்றும், தவறு மாற்றப்பட்டால் 'திருத்தம்' என்றும் பிரித்துப் போடுகின்றன. முன்பு என்ன எழுதியிருந்தோம், சரியானது எது, எப்போது மாற்றினோம் என்று அந்தக் கட்டுரையிலேயே குறிப்பு இருக்கும். அடிப்படையே தவறு என்றால் செய்தியை முழுவதுமாகத் திரும்பப் பெற்றுக் காரணம் சொல்வார்கள். 2015-ல் தொடங்கிய சர்வதேச உண்மை சரிபார்ப்பு வலையமைப்பு, தன் நெறிமுறையில் கையெழுத்திடும் நிறுவனங்கள் வெளிப்படையான திருத்தக் கொள்கை வைத்திருக்க வேண்டும் என்கிறது.

சத்தமில்லாமல் வரியை மாற்றிவிட்டு ஒன்றும் நடக்காததுபோல் இருக்கும் தளங்களும் ஏராளம். காலையில் தவறைப் படித்து நாலு பேருக்கு அனுப்பியவருக்கு, மாலையில் அது மாறியதே தெரியாது. அவர் அனுப்பிய தவறு மட்டும் ஊரைச் சுற்றிக்கொண்டே இருக்கும்.

எனவே ஒரு செய்தித் தளத்தை நம்பலாமா என்று பார்க்க ஒரு எளிய வழி: அதன் திருத்தங்களைத் தேடுங்கள். ஒன்றுகூட இல்லை என்றால், அவர்கள் தவறே செய்யாதவர்கள் என்று அர்த்தமில்லை. உங்களுக்குத் தெரிந்த விஷயத்தில் பிழை கண்டால் சிரித்துவிட்டுப் போகாமல், இரண்டு வரி எழுதிப் போடுங்கள். பாஸ்டன்காரர் வெற்றுத்தாள் விட்டது வாசகர் எழுதத்தானே?