வேலத்துப் பேராசிரியர்

குர்லாவிலும் தாராவியிலும் செம்பூரிலும் வாழும் தமிழரிடையே, பள்ளிப் படிப்பு முடிந்ததும் குடும்பச் சுமையைத் தாங்க வேலைக்குச் சென்றவர் பலர். பகலெல்லாம் உழைத்தபின் இரவில் நூலைப் புரட்டும் இளைஞர் உள்ளத்தில், ‘இனிப் படித்து என்ன பயன்?’ என்னும் ஐயம் எழுவது இயல்பே. அந்த ஐயத்திற்கு விடையாக அமைந்த வாழ்வு ஒன்றை இன்று நினைவுகூர்வோம். அது பேராசிரியர் மு. வரதராசனாரின் வாழ்வு.

வடார்க்காட்டைச் சேர்ந்த வேலம் என்னும் சிற்றூர்க் குடும்பத்தில், 1912 ஏப்ரல் 25 அன்று அவர் பிறந்தார். பள்ளியிறுதி வகுப்பில் தேறியதும் திருப்பத்தூரில் எழுத்தர் வேலையை ஏற்றார். உடல்நலம் குன்றவே அவ்வேலையை விட்டுவிட்டு ஊர் திரும்பினார். வருவாயும் இல்லை, உடல் வலிவும் இல்லை. மனம் தளர்தற்கு ஏற்ற அந்தக் காலத்தையே அவர் கல்விக்கு உரியதாக்கிக்கொண்டார். முருகைய முதலியாரிடம் தமிழ் கற்றார். பிறகு தாமே பயின்று, 1935இல் வித்துவான் தேர்வில் மாநிலத்தில் முதல்வராகத் தேறினார். அதற்காகத் திருப்பனந்தாள் மடம் அளித்த பரிசு 1000 ரூபாய்.

திருப்பத்தூர் நகராட்சிப் பள்ளியில் தமிழாசிரியராகத் தொடங்கியவர், 1939இல் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் விரிவுரையாளரானார். பின்னர் அங்கேயே துறைத் தலைவராக உயர்ந்தார். சங்க இலக்கியம் இயற்கையைப் போற்றும் திறத்தை ஆங்கிலத்தில் ஆராய்ந்தெழுதி, 1948இல் டாக்டர் பட்டம் பெற்றார். சென்னைப் பல்கலைக்கழகத்தில் தமிழுக்கு அப்பட்டம் பெற்ற முதல்வர் அவரே. 1961 முதல் அப்பல்கலைக்கழகத் தமிழ்த்துறைக்குத் தலைமை தாங்கினார். 1971இல் மதுரைப் பல்கலைக்கழகத் துணைவேந்தரானார். 1974 அக்டோபர் 10 அன்று மறையும்வரை அப்பொறுப்பிலேயே இருந்தார்.

பதவிகளைவிட அவர் பெயரை நிலைநிறுத்தியது அவருடைய எளிய உரைநடையே ஆகும். புலவர்க்கே உரியதாகக் கருதப்பட்ட குறளுக்கு அவர் எழுதிய தெளிவுரை, உரையாசிரியர் துணையின்றிப் படிக்க விரும்புவோர்க்கு வழிகாட்டியாயிற்று. அன்னைக்கு, தம்பிக்கு, தங்கைக்கு, நண்பர்க்கு என அவர் கடித வடிவில் எழுதிய நூல்கள், கல்லூரிச் சுவருக்கு வெளியே நின்றோரையும் அருகழைத்துப் பேசின. ஆசிரியரைத் தேடித் தேடிக் கற்றவர் ஆதலின், அவ்வாய்ப்பு இல்லாதார்க்கு என்ன வேண்டும் என்பதை அவர் நன்கு அறிந்திருந்தார்.

1961இல் சாகித்திய அகாதெமி பரிசு பெற்ற ‘அகல் விளக்கு’ நாவலிலும் இவ்வுண்மை காணப்படுகிறது. அழகும் அறிவும் மிக்க சந்திரன் நெறி தவறி அழிகிறான். அவன் நண்பன் வேலய்யன் அடக்கத்தோடு வாழ்ந்து நிலைபெறுகிறான். அவர் கதைகளில் அறவுரை மிகுந்து கலை குன்றுகிறது என்று திறனாய்வாளர் கூறுவதுண்டு. அதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆயினும் கதை மாந்தர்க்குச் சொன்ன ஒழுங்கைத் தம் வாழ்விலும் கடைப்பிடித்தவர் அவர் என்பதையும் உடன் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

திடீரெனப் பெருந்தீயாக எழுவது எல்லார்க்கும் இயல்வதன்று. நாள்தோறும் சிறிது எண்ணெய் வார்த்து, திரி அணையாமல் காத்தல் எவர்க்கும் இயலும். வேலத்து இளைஞர் ஒருவர் நோய்ப்படுக்கையை விட்டெழுந்து செய்தது அதுதான். குர்லாவில் இன்றிரவு நூலைத் திறக்கும் இளைஞரும் அதைச் செய்யலாம்.