இசைத்தட்டு இயக்கியின் பராமரிப்பு

இசைத்தட்டு இயக்கி என்பது தட்டின் வரிப்பள்ளங்களில் பதிக்கப்பட்ட ஒலியை முள் ஒன்றின் அதிர்வு வழியாக மீட்டுத் தரும் கருவி ஆகும். சாவி கொடுத்து இயக்கப்படுவது கிராமபோன் எனவும், மின்சாரத்தால் இயங்குவது ரெக்கார்டு பிளேயர் எனவும் தமிழ்நாட்டில் பொதுவாக வழங்கப்படுகின்றன. முறையாகப் பராமரிக்கப்படாத கருவி தான் கெடுவதுடன், தன்மேல் சுழலும் தட்டையும் அழித்துவிடும்.

வரலாற்றுப் பின்னணி

தட்டு வடிவக் கிராமபோனுக்கு எமில் பெர்லினர் 1887இல் காப்புரிமை பெற்றார். இந்தியாவில் 1902இல் கொல்கத்தாவில் கௌகர் ஜானின் பாடல்கள் பதிவு செய்யப்பட்டன. சென்னையில் 1930களில் ஏ. வி. மெய்யப்பன் கூட்டாகத் தொடங்கிய சரசுவதி ஸ்டோர்ஸ், ஓடியன் இசைத்தட்டுகளை வெளியிட்டது. 1933இல் மறைந்த எஸ். ஜி. கிட்டப்பா, 1938இல் மறைந்த வீணை தனம்மாள் ஆகியோரின் இசை இன்றும் கேட்கக் கிடைப்பதற்கு இத்தகைய அரக்குத் தட்டுகளே காரணம். பிற்காலத்தில் எச்.எம்.வி.யின் ஃபியஸ்டா, கலிப்சோ போன்ற சிறு இயக்கிகள் இந்திய வீடுகளில் பரவலாக இருந்தன.

சாவி கிராமபோன்

இதன் விசை எஃகுச் சுருள்வில்லில் சேமிக்கப்படுகிறது. பழைய மசகு இறுகினால் வில் விட்டுவிட்டு விரிந்து "டொக்" என்ற ஓசை எழும். வில்லைக் கழற்றித் துடைத்து, காரீயத்தூள் (கிராபைட்டு) கலந்த மசகு இட வேண்டும். வில்லின் இறுக்கம் முழுவதும் தளர்ந்த பின்னரே அதன் உறையைத் திறக்க வேண்டும். இல்லையெனில் வில் பாய்ந்து கடுங்காயம் ஏற்படலாம். ஒலிப்பெட்டியிலுள்ள ரப்பர் வளையங்கள் கெட்டிப்பட்டால் ஒலி கரகரக்கும். அவற்றை மாற்றுவதே தீர்வு.

மின் இயக்கி

மின் இயக்கிகளில் மோட்டாரின் சுழற்சி, ரப்பர் உருளை வழியாகவோ பட்டை வழியாகவோ சுழல்மேடைக்குக் கடத்தப்படுகிறது. உருளை மெருகேறி வழுக்கினால் வேகம் குறையும். கருவியை இயக்காதபோதும் உருளை அழுத்தப்பட்டே இருந்தால் அதன் விளிம்பில் தட்டைப் பகுதி உண்டாகி, ஒவ்வொரு சுற்றிலும் அதிர்வு கேட்கும். தளர்ந்த பட்டையை மாற்ற வேண்டும். நடு அச்சின் தாங்கியைத் துடைத்து ஓரிரு துளி மென்மையான எண்ணெய் இடுவது போதுமானது. உருளையிலும் பட்டையிலும் எண்ணெய் படக்கூடாது. வால்வு பெருக்கிகளின் மின்தேக்கிகளில் இணைப்பைத் துண்டித்த பிறகும் உயர் மின்னழுத்தம் எஞ்சியிருக்கும்.

வேகச் சோதனை

தட்டுகள் நிமிடத்திற்கு 78, 45, 33⅓ சுற்றுகள் என்ற வேகங்களில் அமைந்தவை. 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் எரியும் நியான் விளக்கு நொடிக்கு 100 முறை மின்னுகிறது. எனவே 180 கோடுகள் வரைந்த வட்டத்தை 33⅓ வேகத்தில் சுழற்றினால் கோடுகள் அசையாமல் நிற்பது போலத் தோன்றும். 78 வேகத்திற்கு 77 கோடுகள் தேவை. கோடுகள் சுழலும் திசையில் நகர்ந்தால் வேகம் அதிகம் என்றும், எதிர்த்திசையில் நகர்ந்தால் குறைவு என்றும் அறியலாம். 60 ஹெர்ட்ஸ் மின்சாரத்திற்கென அமைந்த மாறுமின் மோட்டார் இந்தியாவில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு மெதுவாகச் சுழலும். பாடகரின் சுருதியும் அதற்கேற்ப இறங்கிவிடும்.

முள்

78 வேகத் தட்டுக்கு ஏறத்தாழ 0.076 மி.மீ. ஆரமுள்ள முனையும், நெடுநேரத் தட்டுக்கு ஏறத்தாழ 0.025 மி.மீ. ஆரமுள்ள முனையும் வேண்டும். பருத்த முனை நெடுநேரத் தட்டின் பள்ளச் சுவர்களைச் சிதைக்கும். மெல்லிய முனை 78 தட்டின் பள்ளத்து அடியில் உரசி இரைச்சலைத் தரும். கிராமபோனின் எஃகு முள்ளைத் தட்டின் ஒவ்வொரு பக்கத்திற்கும் புதிதாக மாற்ற வேண்டும். தேய்ந்த முனை உளி போலாகிப் பள்ளத்தைச் செதுக்கும்; அவ்வாறு இழந்த ஒலியை மீட்க இயலாது.

கடலோரச் சூழல்

சதுரங்கப்பட்டினம், கல்பாக்கம், மாமல்லபுரம் போன்ற கடலோர ஊர்களில் உப்புக் காற்றும் ஈரப்பதமும் கூடுதல் சிக்கலை உண்டாக்குகின்றன. எஃகு அச்சு, திருகுகள் ஆகியவை துருப்பிடிக்கும். மின்தொடுவிகளில் களிம்பு படியும். பழைய படிக முள்தலைகளில் உள்ள ரோச்செல் உப்பு ஈரத்தை உறிஞ்சிச் செயலிழக்கும். இத்தகைய முள்தலைகளுக்கு மாற்றாகப் பீங்கான் முள்தலைகளைப் பொருத்தலாம். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் கருவியை மூடி, சிலிக்கா ஜெல் பொட்டலத்துடன் வைப்பது நன்று. மாதம் ஒருமுறையேனும் இயக்கினால் மசகு இறுகுவது குறையும்.

தட்டுகளைப் பேணுதல்

அரக்குத் தட்டைச் சாராயம் கலந்த திரவத்தால் துடைத்தல் கூடாது. அரக்கு அதில் கரைந்துவிடும். காய்ச்சி வடித்த நீரில் சிறிது மென்சோப்புக் கலந்து, நடுத்தாள் நனையாமல் துடைத்து உலர்த்த வேண்டும். தட்டுகளை வெயில் படாத இடத்தில் செங்குத்தாக அடுக்க வேண்டும். பூஞ்சை பிடித்த காகித உறைகளை மாற்ற வேண்டும். தட்டின் எண்ணும் பாடகர் பெயரும் பழைய உறையில் மட்டும் இருப்பின், அவற்றைப் படியெடுத்த பின்னரே உறையை அகற்றுதல் வேண்டும்.