படமின்றித் தமனிச் சுவர் அறிதல்: சிவகாசி வட்டாரத்தை முன்வைத்து

சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டைப் பகுதிப் பட்டாசுத் தொழிலாளரின் உடல்நலம் பற்றிய பேச்சு வெடிவிபத்தில் தொடங்கி வெடிவிபத்திலேயே முடிந்துவிடுகிறது. தீக்காயம் கண்ணுக்குத் தெரியும். இரத்தக்குழாய் இறுகுவது தெரியாது. நுண்துகள் மாசுக்கும் தமனி விறைப்புக்கும் தொடர்பு இருப்பதைப் பல நாட்டு ஆய்வுகள் காட்டியுள்ளன. பட்டாசு மருந்தில் பயன்பட்டு வந்த பேரியம் உடலில் மிகுந்தால் இரத்த அழுத்தம் ஏறும். பட்டாசு மருந்து கலக்கும் அறைகளில் ஆண்டுக்கணக்கில் உழைப்பவர்களின் தமனிச் சுவரை அளந்தறிய வேண்டும். அதற்குப் படம் காட்டும் ஸ்கேன் கருவி தேவையில்லை என்பதே என் வாதம்.

சென்னை ஐஐடியில் மோகனசங்கர் சிவப்பிரகாசம், ஜெயராஜ் ஜோசப் குழுவினர் உருவாக்கிய ஆர்ட்சென்ஸ் கருவி இதற்கு வழிகாட்டுகிறது. கழுத்தில் வைக்கும் ஒற்றை ஒலியுணரி மீயொலித் துடிப்பை அனுப்பி, திரும்பும் எதிரொலிகளை ஒரே கோட்டில் வாங்குகிறது. மென்திசுவில் ஒலி விநாடிக்கு சுமார் 1540 மீட்டர் செல்லும். ஆகவே 6 மி.மீ. விட்டமுள்ள தமனியின் முன்சுவர், பின்சுவர் எதிரொலிகளுக்கு இடையே ஏறத்தாழ 8 மைக்ரோவிநாடி இடைவெளி இருக்கும். நடுவிலுள்ள இரத்தம் மிக மெலிந்த எதிரொலியே தரும்.

ஆனால் தசையுறையும் வலுவான எதிரொலி தரும். எது சுவர்? வலிமையை மட்டும் பார்த்தால் கணினி ஏமாந்துவிடும். அசைவைப் பார்க்க வேண்டும். இதயம் துடிக்கும்போதெல்லாம் இரு சுவர்களும் ஒன்றுக்கொன்று எதிர்த்திசையில் விலகிக் கூடுகின்றன. சுற்றுத்திசு அப்படி அசைவதில்லை. அருகிலுள்ள சிரையோ லேசாக அழுத்தினாலே நசுங்கிவிடும். மில்லிமீட்டரின் ஒரு பகுதியே ஆன அந்த அசைவே அடையாளம். அதுவே விறைப்பின் அளவுக்கும் அடிப்படை.

படமில்லாமல் எப்படி நம்புவது என்று கேட்கலாம். ஒலிக்கற்றை குழாயின் மையம் வழியே செல்லாவிட்டால் சுவர் எதிரொலி பக்கவாட்டில் சிதறி மங்கும். எனவே இரு சுவர்களும் தெளிவாகக் கிடைப்பதே கற்றை சரியாகச் செல்கிறது என்பதற்குச் சான்று. கொழுப்புப் படிவை இம்முறை காட்டாது. அதற்கு ஸ்கேன்தான் வேண்டும். இன்னொரு குறை இதைவிடப் பெரியது. விறைப்பைக் கணக்கிட இரத்த அழுத்தத்தைக் கையில் அளந்து, விட்டத்தைக் கழுத்தில் அளக்கிறோம். இவ்விரு இடங்களிலும் அழுத்தம் ஒன்றல்ல; இளவயதினரிடம் வேறுபாடு கூடுதல். முடிவுகளைப் படிக்கும்போது இதை மறக்கக் கூடாது.

படம் தராததில் ஒரு வசதியும் உண்டு. 1994ஆம் ஆண்டின் கருப்பாலினத் தேர்வுத் தடைச் சட்டம் ஸ்கேன் கருவிகளைப் பதிவுக்கும் கட்டுப்பாட்டுக்கும் உட்படுத்துகிறது. அவசியமான சட்டம்தான். படமே தராத கருவியால் கருவின் பாலினத்தை அறிய முடியாது என்பதால், அச்சட்டத்தின் அச்சம் இங்கே பொருந்தாது.

இந்த அளவீட்டுக்கான அடித்தளம் ஏற்கெனவே உண்டு. 2021இல் தமிழக அரசு தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் வீட்டு வாசலிலேயே இரத்த அழுத்தம் பார்க்கிறது. 2022 முதல் மாவட்டத் தலைநகரான விருதுநகரில் அரசு மருத்துவக் கல்லூரியும் உண்டு. ஒப்பீட்டுக்கும் வெளியூர் போக வேண்டாம்: மருந்து அறைத் தொழிலாளரையும், அதே வயதுள்ள அச்சகத் தொழிலாளரையும் சிவகாசியிலேயே அளக்கலாம். அக்கல்லூரி இதை முன்னெடுக்க வேண்டும். அளவின் முடிவு ஆலை நிர்வாகத்திடம் போகாமல், தொழிலாளியின் கையில் மட்டுமே தரப்பட வேண்டும். இல்லையேல் அது அவர் வேலையைப் பறிக்கும் காகிதமாகிவிடும்.